செல்லோவுக்கு ஒரு வளவு போதும்

காரைக்குடியில் செல்லோக் கச்சேரி நடத்தவிருக்கும் விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கும், குழுவிலுள்ள பெரியவர்கள், ஆச்சிமார், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழ் கிடைத்தது. தென் மாவட்டத்துத் தேவாலயங்களிலும் இசைப் பள்ளிகளிலும் வயலின், வியோலா பயின்ற பிள்ளைகள் ஒன்றுகூடி உருவாக்கிய இசைக்குழு நம் ஊருக்கு வருகிறது. அவர்களோடு வாசிக்க, வயலின் குடும்பத்துக் கீழ்க்குரல் வாத்தியமான செல்லோவில் தேர்ந்த கலைஞர் ஒருவர் வெளியிலிருந்து வருகிறார். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் சி மேஜர் செல்லோ கான்செர்டோவை, அதாவது தனி செல்லோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, முழுமையாக வாசிக்கப்போகிறார்கள். இதைச் சென்னைக்கு அப்பால், அதுவும் செட்டிநாட்டில் நடத்தத் துணிந்த உங்களை மனதார வாழ்த்துகிறேன். இங்கே வயலின் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவன் என்ற முறையில், இந்த நாளுக்காக நெடுநாள் ஏங்கியவர்களில் நானும் ஒருவன்.

அழைப்பிதழில் 'இடம்' என்று போட்டிருக்கும் வரியைப் பார்த்ததும்தான் மனம் கலங்கியது. கல்லூரி மைதானம், 2,000 நாற்காலிகள், பந்தல், மைக் செட், ஜெனரேட்டர். அந்த ஒரு வரியை மாற்றச் சொல்லித்தான் இந்த மடலை எழுதுகிறேன். கச்சேரியை நம் பெரிய வீடுகளில் ஒன்றின் வளவுக்குள், அதாவது நடுமுற்றமும் அதைச் சுற்றிக் கூரை போட்ட பத்திகளும் உள்ள பகுதிக்குள், வையுங்கள். செல்லோவுக்கு முன்னால் மைக் வைக்காதீர்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் படைப்பே இதைக் கேட்கிறது. ஹைடன் இந்தக் கான்செர்டோவை 1761-க்கும் 1765-க்கும் இடையில் எழுதினார். அப்போது அவர் ஐசன்ஸ்டாட் நகரில் எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தின் இசைக்குழுவுக்குப் பொறுப்பாக இருந்தார். அந்தக் குழுவின் செல்லோக்காரர் யோசப் வைகல் என்பவர் வாசிப்பதற்காக எழுதியது இது. குழுவில் இருபது பேர்கூட இல்லை. தனி செல்லோவுக்குத் துணையாகத் தந்தி வாத்தியங்கள், இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன் என்ற ஊது வாத்தியங்கள், அவ்வளவுதான். ஒரு மாளிகைக் கூடத்துக்குள், விருந்துக்கு வந்தவர்களும் வீட்டாரும் சில அடி தூரத்தில் அமர்ந்து கேட்பார்கள் என்பதை மனதில் வைத்து அளந்து அளந்து எழுதியிருக்கிறார். செல்லோ பேசும் இடங்களில் மற்ற வாத்தியங்கள் மெலிந்து வழிவிடுகின்றன. கீழ்க்குரலில் பாடும் வாத்தியத்தை வயலின்கள் எளிதாக அமுக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அந்த அளவுகள் எல்லாம் கூடத்துக்குப் பொருந்தும். மைதானத்துக்குப் பொருந்தவே மாட்டா.

இரண்டாம் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அந்தப் பகுதியில் ஓபோவும் ஹார்னும் கிடையாது, தந்திகள் மட்டுமே. முதலில் வயலின்கள் ஒரு மெட்டைப் பாடி முடிக்கின்றன. பிறகு அதே மெட்டை மீண்டும் தொடங்குகின்றன. அந்தக் கணத்தில், யாரும் எதிர்பாராத விதமாக, செல்லோ ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறது. மெட்டு மேலே நகர்ந்துகொண்டிருக்க, அந்தச் சுரம் அசையாமல் நின்று மெல்ல மெல்லப் பெருகுகிறது. சிறிது நேரம் கழித்துத்தான் செல்லோ அந்த மெட்டைத் தன் குரலில் எடுத்துப் பாடத் தொடங்குகிறது. எந்த இடத்தில் அந்தச் சுரம் பிறந்தது என்று கேட்பவருக்குத் தெரியவே கூடாது. வயலின்களின் ஒலிக்குள்ளிருந்தே அது கசிந்து வரவேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தம்புராவின் சுருதிக்குள்ளிருந்து குரல் கிளம்பும் அந்த நொடியை அறிந்த காது இதை உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் மைக் செட்டில் என்ன நடக்கும்? செல்லோவுக்கு ஒரு மைக், வயலின்களுக்கு நான்கு மைக் என்று வைத்து, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு ஏற்றியிருப்பார்கள். வில் தந்தியைத் தொட்ட அந்தக் கணமே ஒலிபெருக்கி உரக்க அறிவித்துவிடும். பெருகுவதற்கு எதுவும் மிச்சமிருக்காது. ஹைடன் செய்த வேலை முழுவதும் அங்கே பாழ்.

செல்லோவின் உடலமைப்பும் மைக்கோடு ஒத்துப்போகாது. அதன் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று ஸ–ப உறவில் சுருதி கூட்டப்பட்டவை. ஆகக் கீழ்த் தந்தி நொடிக்குச் சுமார் 65 முறை அதிரும். மேல் தந்தி 220 முறை. கனத்த ஆண் குரலிலிருந்து பெண் குரல் வரைக்கும் அது எட்டும். முன்பலகை ஸ்ப்ரூஸ் மரம், பின்பலகையும் பக்கங்களும் மேப்பிள். தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற மரத்துண்டு அவற்றின் அதிர்வை முன்பலகைக்கு இறக்க, உள்ளே நிற்கும் ஒரு சிறு மரக்குச்சி அதைப் பின்பலகைக்குக் கடத்துகிறது. முழு உடம்பும் பாடுகிறது. அதற்கு முன்னால் ஓர் இடத்தில் மைக்கை நட்டால், அந்த இடத்து ஒலி மட்டுந்தான் கிடைக்கும். கீழ்ச் சுரங்களோ ஐந்து மீட்டர் வரைக்கும் நீளும் அலைகள். வாடகைக்கு வரும் பெட்டிகள் அவற்றைக் கொண்டுவரப் பார்த்து 'பொம் பொம்' என்று முழங்கும். அதோடு, ஒலிபெருக்கியின் சத்தமே திரும்பி வந்து செல்லோவின் பெரிய வயிற்றை அதிரவைக்கும். அந்த அதிர்வு மறுபடி மைக்கில் ஏறும், அது ஊளையிடத் தொடங்கும். அதைத் தடுக்க மைக் செட் அண்ணன் கீழ் ஒலியை வெட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, வேறு வழியில்லை. மிஞ்சுவது செல்லோவின் எலும்புக்கூடு.

இப்படி ஒரு நிகழ்ச்சியை நம் பக்கத்திலேயே பார்த்தேன். திருமண மண்டபம் ஒன்றில் நல்ல வயலின் கலைஞர் ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். மேடையின் இரு பக்கமும் ஆளுயரப் பெட்டிகள். அவர் வாசித்த நுட்பமான கமகங்கள் எல்லாம் உலோகத் தகட்டைச் சுரண்டுகிற ஒலியாகக் காதில் விழுந்தன. என்னிடம் படிக்கும் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கலைஞரின் வில்லிலிருந்து உண்மையில் எப்படிப்பட்ட ஒலி வருகிறது என்பது அன்று அந்த மண்டபத்திலிருந்த ஒருவருக்கும் தெரியாமலே போயிற்று. அதை நினைத்தால் இன்னமும் மனது ஆறவில்லை.

நம் முன்னோர்களுக்கு இது புதிய விஷயமும் இல்லை. எந்த வாத்தியம் எங்கே ஒலிக்க வேண்டும் என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். நாகஸ்வரமும் தவிலும் தெருவுக்கு, கோயில் வீதிக்கு, திறந்தவெளிக்கு உரியவை. ஊரே கேட்கும், மைக் எதற்கும் அவசியமில்லை. வீணை அறைக்குள் இருந்தது. காரைக்குடி வீணைச் சகோதரர்கள் சுப்பராமையரும் சாம்பசிவையரும் பிறந்து வளர்ந்து பேர் எடுத்ததெல்லாம் ஒலிபெருக்கி என்ற ஒன்று கச்சேரி மேடைக்கு வருவதற்கு முந்திய காலம். சாம்பசிவையர் பிறந்தது 1888. மூத்தவரான சுப்பராமையர் வீணையை நெட்டுக்குத்தாக நிறுத்தி வாசித்தார் என்பது இசை உலகம் அறிந்த செய்தி. செல்லோக்காரர் வாத்தியத்தைத் தம் முன்னே நிமிர்த்தி வைத்து வாசிக்க உட்காரும்போது, நம் ஊர்ப் பெரியவர்களில் சிலருக்கேனும் அந்தப் பழைய புகைப்படம் நினைவுக்கு வரும். மரத்தின் சொந்தக் குரலைக் கேட்டு ரசித்த ஊர் இது. அந்தக் காது இன்னும் இங்கே இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. இவ்வளவு செலவு செய்து அழைத்து வருகிறோம், நிறையப் பேர் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் மைதானத்தை எடுத்தீர்கள். நகரத்தார் வீட்டு வளவு என்றால் உறவுக்காரர்களும் நன்கொடையாளர்களும் மட்டும் வந்து போகிற நிகழ்ச்சி ஆகிவிடுமோ என்ற அச்சமும் உங்களில் சிலருக்கு இருக்கலாம். நல்ல அச்சம் அது. ஆனால் மைதானத்தில் 2,000 பேருக்குச் செல்லோவைப் பற்றிய தவறான செய்தியைத்தான் கொடுத்து அனுப்பப்போகிறோம். வளவில் 300 பேர் வீதம் இரண்டு தடவை வையுங்கள், மாலையில் ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று. கான்செர்டோ மொத்தமே 25 நிமிடம்தான். இரண்டு வேளை வாசிப்பது அந்தக் கலைஞருக்கு முடியாத காரியம் இல்லை, ஒப்பந்தத்தில் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும். பந்தல், மைக் செட், ஜெனரேட்டர் செலவு மிச்சமாவதை இரண்டாம் நிகழ்ச்சிக்கான சன்மானமாகக் கொடுக்கலாம். ஒத்திகையையும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள், அது மூன்றாவது நிகழ்ச்சி ஆகிவிடும். அனுமதியை வீட்டு உறவு பார்த்துத் தராமல், முதலில் பெயர் கொடுத்தவருக்கு முதலில் என்று வையுங்கள்.

வளவு என்றதும் எல்லாம் தானாக அமைந்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் உள்ள வீடுகளை உங்களுக்கு நான் வருணிக்கத் தேவையில்லை. பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து கண்ணாடிபோல் இழைத்த சுண்ணாம்புச் சுவர். இவற்றில் மரத்தைத் தவிர மற்றவை எல்லாம் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புபவை. ஆளில்லாத வளவில் ஒரு தடவை கைதட்டினால் ஒலி சுற்றிச் சுற்றி வரும். ஆட்கள் வந்து அமர்ந்ததும் அது அடங்கிவிடும், மனித உடம்பும் துணியும்தான் ஒலிக்குச் சிறந்த பஞ்சு. எனவே ஒத்திகையின்போதே ஜமக்காளங்களும் தடுக்குகளும் விரித்து, பிள்ளைகளை உட்காரவைத்துவிட வேண்டும். வெறும் வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு, நிறைந்த வீட்டில் வாசித்தால் கலைஞர் திகைத்துப் போவார்.

வளவின் நடுப்பகுதி வானத்துக்குத் திறந்தது. வாசிப்பவர்களை அங்கே உட்காரவைத்தால் ஒலியில் பெரும்பகுதி மேலே போய்விடும். கூரை உள்ள பத்தியில், பின்னால் சுவர் இருக்கும்படி உட்காரவைத்து, கேட்பவர்களை நடுமுற்றத்திலும் மற்ற மூன்று பக்கத்துப் பத்திகளிலும் அமர்த்தினால் சுவரே ஒலியை முன்னே தள்ளிக் கொடுக்கும். தூண்களுக்குப் பின்னால் உட்காருபவர்களுக்கு ஆள் தெரியாமல் போகலாம், ஒலி நன்றாகவே கேட்கும்.

செல்லோவின் அடியில் ஓர் இரும்பு முள் இருக்கும். அதைத் தரையில் ஊன்றித்தான் வாசிப்பார்கள். ஆத்தங்குடிக் கல்லில் அது வழுக்கும், கல்லும் கீறிப்போகும். வீட்டுக்காரர் மனம் நோகக்கூடாது, கலைஞரும் வழுக்கல் பயத்தோடு வாசிக்கக்கூடாது. ஓர் ஆள் நாற்காலியோடு அமரும் அளவுக்கு, ஒரு சாண் உயரத்தில், உள்ளே கூடாக இருக்கும் மரமேடை ஒன்றைச் செய்துகொடுங்கள். முள் அதில் ஊன்றி நிற்கும். அந்தப் பலகையும் சேர்ந்து அதிர்ந்து கீழ்ச் சுரங்களுக்கு வலுக் கூட்டும். பெரிய அரங்குகளிலும் செல்லோக் கலைஞர்களுக்கு இப்படி மேடை போடுவது வழக்கம். காரைக்குடித் தச்சர்களுக்கு இது ஒரு நாள் வேலை.

திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ கலைஞரை அழைத்து வரும் வேன் விஷயத்திலும் கவனம் வேண்டும். பழைய முறையில் செய்த செல்லோக்களை விலங்குத் தோல் பசையால் ஒட்டியிருப்பார்கள். சூடு ஏறினால் அந்தப் பசை இளகும். வழியில் சாப்பிட நிறுத்தும்போது வாத்தியத்தை வண்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போகக்கூடாது. யாராவது ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரவேண்டும். ஓட்டுநரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒத்திகை நேரத்தைப் பற்றி ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். 1919 அக்டோபர் 27 அன்று லண்டன் குயின்ஸ் ஹாலில் ஆங்கில இசையமைப்பாளர் எல்காரின் செல்லோ கான்செர்டோ முதன்முறையாக அரங்கேறியது. பெலிக்ஸ் சாமண்ட் வாசித்தார், எல்காரே நடத்தினார். அதே நிகழ்ச்சியின் மற்ற படைப்புகளை நடத்திய ஆல்பர்ட் கோட்ஸ், எல்காருக்கு ஒதுக்கிய ஒத்திகை நேரத்தையும் எடுத்துக்கொண்டார். குழு தயாராகாமல் மேடையேறியது, படைப்பு எடுபடவில்லை. அன்று செல்லோ வரிசையில் இருந்த இளைஞர் ஜான் பார்பிரோலி. அவரே 1965-இல் ஜாக்குலின் டு ப்ரே வாசிக்க அதை நடத்திப் பதிவு செய்தார். உலகம் முழுவதும் அந்தப் படைப்பைத் தேடிக் கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஒரு கட்டைவிரல் அளவு ஒத்திகை நேரம் குறைந்ததற்கு இத்தனை ஆண்டு விலை. நம் இசைக்குழுப் பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வருபவர்கள். தனிக் கலைஞரோடு சேர்ந்து வாசிப்பது அவர்களுக்குப் புதிது. முதல் நாளே எல்லோரையும் வரவழைத்து, தங்கவைத்து, வளவிலேயே இரண்டு முழு ஒத்திகைக்கு இடம் கொடுங்கள். அந்த நேரத்தில் விளக்கு கட்டுபவர்களும் பூ அலங்காரம் செய்பவர்களும் உள்ளே வரவேண்டாம்.

அழைப்பிதழில் வாழ்த்துரை வழங்குவோர் பட்டியல் நீளமாக இருக்கிறது. ஒவ்வொருவரும் இந்த நிகழ்ச்சிக்கு ஏதோ ஒரு வகையில் கை கொடுத்தவர்கள், அவர்களை மதிக்கத்தான் வேண்டும். அந்த மரியாதையைக் கச்சேரி முடிந்த பிறகு செய்யுங்கள். சுருதி கூட்டிய வாத்தியங்களோடு ஒரு மணி நேரம் காத்திருந்தால் தந்தி இறங்கிவிடும், விரல் ஆறிவிடும். பேச்சுக்கும் பொன்னாடைக்கும் மைக் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், அது மைக் செட் அண்ணனுக்கும் வேலை கொடுத்ததாக இருக்கும். 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா நேரம் தவறாமைக்குப் பேர்போனது. அந்தப் பழக்கம் உள்ள ஊரில், மாலை 6 மணி என்று போட்டால் 6 மணிக்கு முதல் சுரம் ஒலிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம் ஆகாது.

கைதட்டலைப் பற்றியும் உங்களில் ஒருவர் கவலைப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். பகுதிகளுக்கு நடுவே கைதட்டக்கூடாது என்று அறிவிக்கப் போகிறார்களாம். தயவுசெய்து அப்படி அறிவிக்காதீர்கள். ஹைடன் காலத்தில் பகுதி முடிந்ததும் கைதட்டுவது இயல்பான வழக்கம். நம் ஜனங்கள் நல்ல இடத்தில் தலையாட்டி 'ஆஹா' என்று சொல்லிப் பழகியவர்கள். அந்த ஓசை அந்தக் கலைஞருக்கு உற்சாகம்தான் தரும். செல்போனை அணைக்கச் சொல்லுங்கள், மின்விசிறிகளை நிறுத்துங்கள், பந்தி பரிமாறும் பாத்திரச் சத்தம் இரண்டாம் கட்டைத் தாண்டி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அவர்களைக் கட்டுப்படுத்த வேண்டாம்.

இந்தப் படைப்பைப் பற்றி இன்னொன்றையும் குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டுத் தொடங்கினால் நன்றாக இருக்கும். இருநூறு ஆண்டுக் காலம் இது தொலைந்து கிடந்தது. ஹைடன் தம் கைக்குறிப்பு ஏட்டில் அதன் தொடக்க வரியை எழுதி வைத்திருந்ததால் இப்படி ஒன்று இருந்தது என்று மட்டும் தெரியும். 1961-இல் பிராக் தேசிய அருங்காட்சியகத்தில், ஒரு பழைய மாளிகையிலிருந்து வந்து சேர்ந்த தாள்களுக்கிடையே ஓல்ட்ரிச் புல்கெர்ட் இதன் பிரதியைக் கண்டெடுத்தார். மறு ஆண்டே மிலோஷ் சாட்லோ அதை வாசித்தார். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நம் வீட்டுச் சாமான்களோடு பழைய நோட்டுப் புத்தகங்களும் கிராமபோன் தட்டுகளும் எடைக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் மனதில் ஓடும். அவற்றில் எத்தனை நாகஸ்வரக்காரர்களின் சுரக் குறிப்புகள் போயினவோ! வளவில் கச்சேரி கேட்டுவிட்டு வீடு திரும்பும் யாராவது ஒருவர் தம் வீட்டு மச்சில் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

முன்வரிசையைப் பற்றி ஒரு வேண்டுகோள். வளவின் நடுமுற்றத்தில், கலைஞருக்கு மிக அருகில், தடுக்கு விரித்துப் பிள்ளைகளை உட்காரவையுங்கள். வீணையும் வயலினும் பயிலும் பிள்ளைகள், நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளைகள், அரசுப் பள்ளிகளில் பாட்டு வகுப்பே இல்லாத பிள்ளைகள். வில்லின் குதிரைமுடி தந்தியைக் கவ்வும் அந்தச் சிறு உராய்வு ஓசை பத்தடிக்குள் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். பெரியவர்கள் நமக்குப் பத்தியில் நாற்காலி போட்டுக்கொள்ளலாம். சுற்றுவட்டார நாகஸ்வரக் கலைஞர்களைத் தனியாக அழைப்பு வைத்துக் கூப்பிடுங்கள். மூச்சை அடக்கி ஒரு சுரத்தை நீட்டுவது எப்படி என்று அறிந்தவர்கள், அந்த இரண்டாம் பகுதியைக் கேட்டுச் சொல்லப்போகும் அபிப்பிராயம் அந்தச் செல்லோக் கலைஞருக்கும் தேவைப்படும்.

மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்று அறிந்தேன். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். கொடுப்பதற்கு முன்னால், குழுவில் நான்கைந்து பேர் ஒரு மாலை நேரம் ஒதுக்கிப் பள்ளத்தூர் வாருங்கள். எங்கள் பங்காளிகளின் பெரிய வீடு பூட்டித்தான் கிடக்கிறது. சாவிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், அவர்களும் சம்மதித்துவிட்டார்கள். அங்கே சிறிய செல்லோ ஒன்றைக் கொண்டுவந்து வாசித்துக் காட்ட, மதுரையில் பயிலும் என் மாணவன் ஒருவன் வருவான். பத்தியின் ஒரு மூலையில் அவன் வாசிக்க, நீங்கள் எதிர்மூலையில் நின்று கேளுங்கள். பிறகு மைதானத்துக்கும் போய் அவனை அதே பாட்டை வாசிக்கச் சொல்லி, அதே தூரத்தில் நின்று கேளுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் எடுக்கும் முடிவு எதுவானாலும், நாற்காலி தூக்குவதிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வருவது வரை என்னால் ஆனதைச் செய்கிறேன்.

இப்படிக்கு,
அன்புடன்,
வயலின் ஆசிரியர் ஒருவர்,
பள்ளத்தூர்